திரும்பி வரும் வழியையும் கேளுங்கள்

பெற்றோருக்கு,

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த பெடியன் ஒருவனைச் சந்தியில் கண்டால் நாம் என்ன கேட்கிறோம்? பெறுபேறு வந்ததா என்று கேட்பவர் குறைவு. "எப்ப வெளிக்கிடுறாய்?" என்பதுதான் நம் முதற் கேள்வி. கோவில் திருவிழாவில், கலியாண வீட்டுப் பந்தியில், செத்த வீட்டுக் கதிரையில் இருந்தபடிகூட இதைத்தான் கேட்கிறோம். அவன் நழுவிவிட்டால் தாயைப் பிடிக்கிறோம்: "உங்கட மகன் இன்னும் இங்கதான் நிக்கிறானோ?" கேட்பவருக்கு அது குசலம் விசாரிப்பு. தாய்க்கு அது இரவு நித்திரையைக் கெடுக்கும் வசை. அடுத்த கிழமை காணி உறுதி அலுமாரியை விட்டு வெளியே வருகிறது.

இந்தக் கடிதம் அப்படிக் கேட்கிறவர்களுக்கும், அதைக் கேட்டு உறுதியைத் தூக்குகிறவர்களுக்கும் சேர்த்துத்தான். இரண்டு கூட்டத்திலும் இருப்பவர்கள் நாமே.

பிள்ளைகள் வெளிநாடு போகக்கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. யாழ்ப்பாணத்தானிடம் அப்படிச் சொல்லி எடுபடவும் மாட்டாது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போன கப்பல். அதற்கும் முன்பே நம் பாட்டன்மார் மலாயாவுக்குப் போய்விட்டார்கள். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியும் அதைத் தொடர்ந்து வந்த மிஷன் பாடசாலைகளும் கொடுத்த ஆங்கிலம் அவர்கள் கையில் இருந்தது. ரயில்வேயிலும் அஞ்சலகத்திலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞர்களாக இருந்தார்கள், ஸ்டேஷன் மாஸ்டர்களாக இருந்தார்கள். ஊருக்கு மணி ஓடர் வந்தது. கலியாணத்துக்கு லீவில் வந்தார்கள், பிள்ளைப்பேற்றுக்கு மனைவியை ஊருக்கு அனுப்பினார்கள், கடைசியில் பென்சனோடு வந்து கல்வீடு கட்டிக் கோவில் தருமகர்த்தாவாகவும் இருந்து பார்த்தார்கள். இரு கரையிலும் ஒரே வெள்ளைக்காரன் ஆட்சி, விசா என்ற தலையிடி இல்லை என்பது உண்மை. ஆனால் அவர்கள் படிப்பை முதலில் தேடினார்கள், வேலையை அடுத்ததாகத் தேடினார்கள், கப்பலை அதற்குப் பிறகுதான் தேடினார்கள். நாம் இந்த வரிசையைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம்.

1983க்குப் பிறகு போனவர்களின் கதை வேறு. அவர்கள் உயிரைக் காப்பாற்ற ஓடினார்கள். 1986 ஓகஸ்ட் 11இல் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் தத்தளித்தபோது கனடிய மீனவர்கள் அவர்களைத் தூக்கி எடுத்தார்கள். அந்தப் பயணங்களைக் குறை சொல்ல எவருக்கும் வாய் கிடையாது. இன்றும் உயிருக்கு அச்சுறுத்தல் உள்ளவன் எந்த எல்லையிலும் போய்த் தஞ்சம் கேட்கலாம், அது அவன் உரிமை. நான் பேசுவது அவனைப் பற்றியல்ல. ஓட வேண்டிய காரணம் எதுவும் இல்லாத பத்தொன்பது வயதுப் பிள்ளையை, ஓடி வந்தவன் என்று சொல்லப் பழக்கி, நாமே ஓட்டி விடுகிறோமே, அதைப் பற்றித்தான்.

ஒரு பரப்புக் காணி வாங்குவதென்றால் நாம் என்ன பாடுபடுகிறோம்! நொத்தாரிசைப் பிடிக்கிறோம், காணிப் பதிவகத்தில் பழைய உறுதிகளைத் தேடுவிக்கிறோம், எல்லைக்கல் சரியோ என்று நில அளவையாளரைக் கொண்டு அளக்கிறோம், கிணற்றுப் பங்கு, வழிப் பங்கு வரை விசாரிக்கிறோம். அதே காணியை ஈடு வைத்து ஏஜென்சிக்காரனிடம் காசு கொடுக்கும்போது கேட்பது நான்கே கேள்வி. எந்த நாடு? எவ்வளவு? எத்தனை நாளில்? இப்ப எவ்வளவு, ஆள் போய்ச் சேந்த பிறகு எவ்வளவு? கேட்காமல் விடுகிற ஐந்தாவது கேள்வி ஒன்று உண்டு. என் பிள்ளை எந்தக் கடவுச்சீட்டோடு, எந்த வருடம் திரும்பி இந்தப் படலையைத் திறந்து உள்ளே வருவான்? ஏஜென்சிக்காரனிடம் அதற்குப் பதில் இல்லை. அவன் தொழில் போகும் வழியோடு முடிந்துவிடுகிறது. அது அவனுக்குச் சரி. பெற்றவர்களுக்கும் அங்கேயே முடிந்துவிடுமா?

போகும் வழியாவது ஒழுங்கானதா? 2022 நவம்பரில் நடந்ததை எவ்வளவு விரைவாக மறந்துவிட்டோம்! கனடா என்று சொல்லிக் கப்பலேற்றப்பட்ட இலங்கையர் 303 பேர் நடுக்கடலில் கப்பல் பழுதாகித் தவித்தார்கள். யப்பானியக் கப்பல் ஒன்று காப்பாற்றி வியட்நாமின் வுங் தாவ் துறைமுகத்தில் இறக்கியது. அவர்களுக்குள் சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒருவர் அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு பகுதியினர் டிசம்பரில் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

அதற்கு ஒரு வருடம் முந்தி, 2021 ஒக்ரோபரில், இந்தியக் கரையிலிருந்து கனடாவுக்கென்று புறப்பட்ட 89 இலங்கைத் தமிழர் இந்து சமுத்திரத்தின் நடுவில் டியேகோ கார்சியா என்ற தீவில் கரை சேர்ந்தார்கள். அது பிரித்தானிய, அமெரிக்கப் படைத்தளம். வேலி அடைத்த முகாமில், கூடாரங்களில் பலர் மூன்று வருடத்துக்கு மேல் கிடந்தார்கள். அவர்களை அப்படி வைத்திருந்தது சட்டவிரோதம் என்று நீதிமன்றம் 2024 டிசம்பரில்தான் சொன்னது. அதே மாதம்தான் பெரும்பாலானோரைப் பிரித்தானியாவுக்கு எடுத்தார்கள். அந்த முகாமில் வளர்ந்த குழந்தைகளுக்கு மூன்று வருடத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

அதே 2024இல் இன்னொரு செய்தி வந்தது. ஐரோப்பாவுக்கு என்று கூட்டிச் சென்ற தங்கள் பிள்ளைகளை ரஷ்யப் படையில் சேர்த்து உக்ரேன் போர்முனைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று நம் பகுதிக் குடும்பங்கள் முறையிட்டன. பாரிஸின் லாச்சப்பலில் கடை வைக்கும் கனவோடு போன பிள்ளைக்குக் கையில் துவக்கு. இதையெல்லாம் பத்திரிகையில் வாசித்துவிட்டு, "அது அந்த ஏஜென்சியின்ர பிழை, எங்கட ஆள் நல்ல ஆள்" என்று சொல்ல நமக்கு மட்டும் எப்படி மனம் வருகிறது?

சரி, கடலும் காடும் தாண்டிப் பிள்ளை போய்ச் சேந்துவிட்டான் என்றே வைப்போம். சேந்த செய்தி வந்ததும் நாம் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறோம். அவன் தலையில் அன்றைக்குத்தான் இடி விழத் தொடங்குகிறது. தஞ்சம் கேட்டுக் கேஸ் போடவேண்டும். கேஸ் முடிய வருடங்கள் ஆகும். அதுவரை பாத்திரம் கழுவுகிற இடத்தில் முதலாளி சொன்னதே சம்பளம். அதில் பாதி உண்டியல் மூலம் ஊருக்கு வந்து வட்டிக்காரனிடம் போய்விடும். கேஸ் தோற்றால் அப்பீல், அப்பீலும் தோற்றால் ஒளிந்து வாழ்க்கை.

வென்றாலாவது விடுதலையா? அகதியாக ஏற்றுக்கொண்ட நாடு கொடுக்கும் பயணப் பத்திரத்தில் உலகத்துக்குப் போகலாம், பொதுவாக இலங்கைக்கு மட்டும் போகமுடியாது. போனால், "உனக்கு அங்கே ஆபத்து இல்லைத்தானே" என்று கேட்டு அந்தஸ்தையே பறிக்கலாம். கனடாவில் 2012இல் வந்த சட்டத்தின்படி அகதி அந்தஸ்து அப்படிப் பறிபோனால் நிரந்தர வதிவிடமும் சேர்ந்து போகும். பி.ஆர். கிடைத்தாச்சு, இனி வந்து போகலாம் என்று இங்கே நாம் பேசிக்கொள்கிறோம். குடியுரிமை கையில் வரும்வரை அவன் வரமுடியாது.

இதன் பலனை நாம் தினமும் பார்க்கிறோம். பார்த்தும் பழகிவிட்டோம். மரண அறிவித்தலை எடுத்துப் பாருங்கள். மூத்தவர் கனடா, அடுத்தவர் பிரான்ஸ், மகள் சுவிஸ், கடைக்குட்டி லண்டன் என்று அடைப்புக்குறிக்குள் உலக வரைபடமே இருக்கும். அதை வாசிக்கும்போது நமக்கு ஒரு பெருமை வேறு! ஆனால் கொள்ளி வைப்பது பெறாமகன். கிரியை முழுவதையும் கமராக்காரர் நேரலையில் அனுப்புகிறார். பெட்டியின் தலைமாட்டுக்குக் கமராவைக் கொண்டுபோகச் சொல்லி அங்கிருந்து ஒருவன் தொலைபேசியில் அழுகிறான். கலியாணமும் இதே கதைதான். மாப்பிள்ளைக்கு வெளிநாடு என்றதும் சீதனத்தைக் கூட்டிக் கொடுக்கிறோம். ஆனால் அந்த மாப்பிள்ளையால் நல்லூருக்கு வந்து தாலி கட்ட முடியாது. ஆகையால் பெண்ணைக் கூட்டிக்கொண்டு திருச்சிக்கும் சென்னைக்கும் போய் மண்டபம் எடுக்கிறோம். தாலி கட்டியவன் ஒரு நாட்டுக்கும், கட்டப்பட்டவள் யாழ்ப்பாணத்துக்கும் திரும்புகிறார்கள். ஸ்பொன்சர் வரும்வரை அந்தப் பெண் எத்தனை கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று யோசித்திருக்கிறோமா?

"இப்ப அந்த றூட் எல்லாம் இல்லை, நேரே விசாதான்" என்று சிலர் சொல்லலாம். 2023இல் கனடாவின் விசிற் விசா கொஞ்சம் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் நாம் செய்தது என்ன? இல்லாத காசை வங்கிக் கணக்கில் இரண்டு மாதத்துக்குக் கடனாகப் போட்டுக் காட்டினோம். வேலை செய்யாத கடையில் முகாமையாளர் என்று கடிதம் எடுத்தோம். சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று பிள்ளையைக் கையெழுத்துப் போட வைத்தோம். பொய் விபரம் கொடுத்தது பிடிபட்டால் கனடா ஐந்து வருடத்துக்கு உள்ளே விடாது. பிடிபடாமல் போய் இறங்கினாலும் அடுத்த பொய்க்கு ஆயத்தமாக வேண்டும். 2025 ஜூனில் கனடா அரசு முன்வைத்த சட்டமூலத்திலோ, 2020 ஜூன் 24க்குப் பிறகு வந்தவர், வந்து ஒரு வருடம் கழித்துத் தஞ்சம் கேட்டால் அந்தக் கோரிக்கை அகதிச் சபைக்கே போகாது என்ற ஏற்பாடு இருந்தது. லண்டனுக்குப் பராமரிப்பு வேலை விசா என்று எத்தனை பேர் காசு கட்டினார்கள்! 2025 ஜூலை 22 முதல் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதைப் பிரித்தானியா நிறுத்திவிட்டது. மாணவர் விசாவில் போகிறவர் குடும்பத்தையும் கூட்டிப் போகலாம் என்ற வசதியையும், ஆராய்ச்சிப் படிப்பு போன்ற சிலவற்றைத் தவிர, 2024 ஜனவரியோடு எடுத்துவிட்டார்கள். கதவு மூடுகிற வேகத்துக்கு நம் ஏஜென்சிகளின் விளம்பரப் பலகைகள் மாறுவதில்லை. அந்தப் பலகையை நம்பி நாம் காணி விற்கிறோம்.

இதே காலத்தில் வேறொரு விதமான நாடோடிகள் உலகத்தில் கிளம்பியிருக்கிறார்கள். ஒரு மடிக்கணினியோடு மூன்று மாதம் பாலித் தீவு, மூன்று மாதம் லிஸ்பன் என்று இருக்கிற இளம் ஆட்கள். அவர்களுக்கென்றே எஸ்தோனியா 2020இல் ஒரு விசாவைக் கொண்டுவந்தது, தாய்லாந்து 2024இல் கொண்டுவந்தது. அறுகம்பையில் அலையில் சறுக்கிவிட்டு யாழ்ப்பாணம் வந்து, விருந்தினர் விடுதியில் இருந்து வேலை பார்த்துவிட்டு, பின்னேரம் நல்லூரில் ஐஸ்கிறீம் குடிக்கிறார்கள். நம் பிள்ளைகள் அவர்களைப் பார்க்கிறார்கள், தாங்களும் அப்படி ஊர் சுற்ற ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசையில் பிழை என்ன? பிழை நம்மிடம். அந்த வெள்ளைக்காரப் பெடியனிடம் மூன்று பொருட்கள் இருக்கின்றன: எங்கிருந்தும் செய்யக்கூடிய ஒரு தொழில், உண்மையான பத்திரங்கள், எப்போது வேண்டுமானாலும் போய் ஏறக்கூடிய ஒரு வீடு. கடவுச்சீட்டின் பலம் அவனுக்குப் பிறப்பிலேயே கிடைத்தது, அந்த அநியாயத்தை நாம் இன்றைக்கே மாற்ற முடியாது. ஆனால் மீதியை? தொழில் படிக்கும் வயதில் பிள்ளையை அனுப்பிவிடுகிறோம். பத்திரத்தில் பொய் எழுதுகிறோம். வீட்டை ஈடு வைக்கிறோம். அவனிடம் இருக்கிற மூன்றையும் நம் பிள்ளையிடமிருந்து நம் கையாலேயே பறித்துவிட்டு, உலகம் சுற்றப் போகிறான் என்று ஊருக்குச் சொல்கிறோம்.

ஊருக்கு என்ன நடந்தது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 2010 பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 9 ஆசனங்கள், 2015இல் 7, 2024இல் 6. போர் கொண்டுபோனவர்களும் உண்டு, இடம்பெயர்ந்தவர்களும் உண்டு. ஆனால் போர் முடிந்த பிறகும் குறைந்துகொண்டே போவதற்கு யாரைக் கைகாட்டப் போகிறோம்? உரிமை என்று மேடையில் முழங்குகிறவருக்குக் கை தட்டிவிட்டு, வாக்காளரை விமானம் ஏற்றுகிறோம்.

இனிச் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். திட்டுவதற்கு மட்டும் இவ்வளவு எழுதவில்லை.

போக விரும்புகிற பிள்ளை போகட்டும், ஆனால் தொழிலோடு போகட்டும். கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் 2016 முதல் இயங்குகிறது. அங்கே வாகனத் தொழில்நுட்பமும் மின் வேலையும் என்.வீ.கியூ. சான்றிதழோடு படிக்கலாம். வேலை தேடிப் போகிறவர்களுக்கென்று ஜேர்மனி 2024 ஜூனில் தொடங்கிய வாய்ப்பு அட்டைக்கு, சொந்த நாடு அங்கீகரித்த இரண்டு வருடத் தொழிற்பயிற்சி அல்லது பட்டம் வேண்டும், ஓரளவு ஜேர்மன் அல்லது நல்ல ஆங்கிலம் வேண்டும், அங்கே இருக்கும் காலத்துக்குச் செலவுக் காசு காட்டவேண்டும். புள்ளிக் கணக்கும் உண்டு, எல்லோருக்கும் கிடைத்துவிடாது. ஆனாலும் களவு வழிக்குக் கொட்டுகிற காசில் ஒரு சின்னப் பங்கு போதும், பிள்ளைக்கு இரண்டு வருடம் மொழியும் தொழிலும் படிப்பிக்க. அந்த இரண்டு வருடத்தை "சும்மா நிக்கிறான்" என்று கணக்குப் போடுவதை நிறுத்தினால் சரி.

வெளிநாட்டு வேலை என்று எவராவது காசு கேட்டால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி அவருக்கு இருக்கிறதா என்று 1989 என்ற இலக்கத்துக்கு அடித்துக் கேளுங்கள். கடவுச்சீட்டுக்காக வவுனியாவில் விடிய விடிய வரிசையில் நின்ற காலம் போய், 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலேயே அலுவலகம் திறந்துவிட்டார்கள். பிள்ளை தன் கையாலேயே விண்ணப்பம் நிரப்பட்டும். விசா விண்ணப்பத்தையும் அவனே வரிவரியாக வாசித்து நிரப்பட்டும். தன் பெயரில் என்ன எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று தெரியாமல் விமானம் ஏறுகிற பிள்ளைகள் நம் ஊரில்தான் அதிகம் என்று எனக்குப் படுகிறது.

இங்கிருந்தே உலகத்துக்கு வேலை செய்கிறவர்களையும் ஒருமுறை ஏறெடுத்துப் பாருங்கள். யாழ் ஐ.ரி. ஹப் என்ற தகவல் தொழில்நுட்ப அமைப்புத் தொடங்கியபோது சிரித்தவர்கள் நாம். இன்று யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே வெளிநாட்டு நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறது, காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஓடுகிறது. ஆனால் கலியாணப் பேச்சு என்று வந்தால், பாரிஸில் விசா இல்லாமல் ஒளிந்திருப்பவன் மாப்பிள்ளை, இங்கே நல்ல சம்பளத்தில் இருப்பவன் "பெடியன் ஊரிலதான்". இந்த அளவுகோலை நாம் தூக்கி எறியாவிட்டால் எந்த ஹப் திறந்தும் பயனில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, திரும்பி வந்தவனை நடத்துகிற விதத்தை மாற்றுங்கள். வியட்நாமிலிருந்து வந்தவனைக் கண்டு "என்ன, கனடா பார்த்தாச்சோ?" என்று சந்தியில் நக்கலடித்தவர்கள் வேறு யாருமல்லர், நம் வயதுக்காரர்தான். கேஸ் தோற்றவன் திரும்பி வரலாம் என்று நினைத்தாலும், ஈட்டுக் கடனையும் அம்மாவின் முகத்தையும் இந்தச் சந்தியையும் நினைத்துத்தான் பனியில் ஒளிந்து கிடக்கிறான். அவனைப் பூட்டி வைத்திருப்பது வெளிநாட்டுப் பொலிஸ் மட்டுமல்ல.

ஆகவே பிள்ளை வெளிக்கிடுவதற்கு முன் அவனை இருத்தி வைத்து ஒரு வாக்குக் கொடுங்கள். உழைத்தாலும் வா, உழைக்காவிட்டாலும் வா, கேஸ் தோற்றாலும் வா, கடனை நாங்கள் பார்த்துக்கொள்ளுவம், ஊர் கதைத்தால் நாங்கள் பதில் சொல்லுவம் என்று தகப்பன் தன் வாயால் சொல்லட்டும். தாயும் பக்கத்தில் இருந்து அதற்கு ஓம் சொல்லட்டும். அப்படிச் சொல்ல நெஞ்சில் தைரியம் உள்ளவர்கள் பிள்ளையை எந்த நாட்டுக்கும் அனுப்பலாம். இல்லாதவர்கள் தயவுசெய்து அனுப்ப வேண்டாம்.